அப்பாவிடம் இருக்கும் ரிமோட்

வாரநாளெல்லாம் ஷூ கம்பெனி, ஞாயிற்றுக்கிழமை டிவி வேலை என்றிருந்தார் அந்த மெக்கானிக். விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது. பேச்சு போய், வலது கை மட்டும் அசையும் என் அப்பாவின் அறையிலும் ஹால் டிவியின் படம் ஒயரில்லாமல் தெரிய ஒரு கருவி மாட்ட வந்தார். பார்ப்பவர் இடத்திலிருந்தே படத்தைச் சரிபார்ப்பார். ஹாலில் என் மனைவியின் பாயில் உட்கார்ந்தார். உள்ளே அப்பாவின் தலையணையில் தலை சாய்த்தார்.

"செட்டாப் பாக்ஸ் ஹால்ல வேணாம், இங்க இவர் ரூம்லயே இருக்கட்டும் சார். ரிமோட்டும் இவர்கிட்டயே இருக்கட்டும்."

"இவர் மாத்தினா ஹால்லயும் மாறிடுமே? பேஜாருங்க" என்றேன்.

"மாறட்டும் சார். உங்கள கூப்பிட இவருக்கு வேற இன்னா இருக்குது?"

இப்போது சீரியல் நடுவே சேனல் மாறினால் மனைவிதான் முதலில் எழுகிறாள்.

"மாமா கூப்பிடறாரு."