இரு முனையிலும் பாரம்

எங்கள் ஊரில் க்ளெனிஸ் பெட்செலை ஒரு கிலோகூட ஏமாற்றியவர் கிடையாது. இருபத்தாறு அறுவடைக் காலம் அவள் கோதுமைக் கிடங்கு வாசலில், எடைமேடை அறையில் உட்கார்ந்திருந்தாள். லாரி ஏறும், எண் நிற்கும், அவள் சீட்டு எழுதுவாள். சொந்தத் தம்பியின் லாரி அளவுக்கு மேல் காட்டியபோது அவனையும் திருப்பி அனுப்பினாள். "கொஞ்சம் கண்ணை மூடிக்கக் கூடாதா க்ளென்?" என்று கெஞ்சுகிறவர்களிடம், "கண்ணை மூடிட்டா எண்ணை யாரு படிக்கிறது?" என்பாள். மனிதன் பொய் சொல்வான், தராசு சொல்லாது என்பது அவளுடைய வேதம். அந்த வேதம்தான் அவளைக் கெடுத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல முடிவை எதிர்பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

அவள் கணவன் கெல்வின், கவுன்சிலில் சாலை சமப்படுத்தும் கிரேடர் ஓட்டி எங்கள் விம்மெரா வட்டாரத்தின் மண்சாலைகளை எல்லாம் நாற்பது வருடம் சீவித் தள்ளியவன். ஓய்வு பெற்ற மறுவாரமே, வீட்டை விற்றுவிட்டு, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு மாதிரி ஒரு கேரவன் வாங்கி ஆஸ்திரேலியாவைச் சுற்றப் போகிறோம் என்று அறிவித்தான். ஒரு சுற்று இல்லை. சாகிறவரை சுற்றிக்கொண்டே இருப்பதாம். க்ளெனிஸுக்கு அந்த வீட்டை விடவே மனமில்லை. ஆனால் கிரேடர் சாவியைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அவன் கொல்லையில் சும்மா நின்று வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காட்சி அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"வர்றேன். ஆனா ஒண்ணு. அந்த வண்டி எவ்வளவு கனம்னு நான் சொல்றதுதான் கடைசி வார்த்தை. அதுலதான் நம்ம ரெண்டு உசுரும் இருக்கு" என்றாள்.

"நீ எடை போடாம ஒரு கரண்டிகூட ஏறாது" என்றான் கெல்வின். அந்த வாக்கை அவன் கடைசிவரை காப்பாற்றினான். அதுதான் கொடுமை.

கேரவன் பார்க்க ஒன்பது கடை ஏறி இறங்கினார்கள். கெல்வின் படுக்கையில் குதித்துப் பார்ப்பான், அலமாரிக் கதவுகளைத் தட்டிப் பார்ப்பான். க்ளெனிஸ் நேரே வாசலுக்குப் பக்கத்தில் அடித்திருக்கும் தகட்டின்முன் குனிந்து, காலி எடை எவ்வளவு, ஏற்றக்கூடியது எவ்வளவு என்று படிப்பாள். பல்லாரட்டில் ஒரு விற்பனைக்காரன், "மேடம், திரைச்சீலை நிறம் பாக்கலியே?" என்றான். "நிறத்துக்கு எடை உண்டா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தாள். கடைசியில் அலுமினியச் சட்டம் போட்ட இருபத்தோரு அடி வண்டி ஒன்று அமைந்தது. எல்லாம் ஏற்றி மூவாயிரத்து ஐந்நூறு கிலோவைத் தாண்டக் கூடாது.

அதன்பிறகு கெல்வினின் கைவேலை ஆரம்பித்தது. சும்மா இருக்கத் தெரியாதவன் கையில் வெல்டிங் மெஷின் கிடைத்தால் என்ன ஆகும்? பின்பக்கம் ஒரு கனத்த இரும்புச் சட்டம் பற்றவைத்தான். அதில் இரண்டு ஸ்டெப்னி, ஜெனரேட்டர், இரண்டு டீசல் கேன், நாற்பது வருடமாகச் சேர்த்த ஸ்பானர்களும் சுத்தியல்களும் அடங்கிய இரும்புப் பெட்டி. "நடுக்காட்டுல அச்சு முறிஞ்சா யாரு வருவா? நாமதான் பாத்துக்கணும்" என்றான். நியாயமாகத்தான் பட்டது.

எடை போட்டபோது மொத்தம் அளவுக்குள் இருந்தது. ஆனால் மூக்குப் பாரம் உதைத்தது. காரின் பின்னால் உள்ள இணைப்புக் குண்டின்மேல் கேரவனின் மூக்கு உட்கார்கிறதல்லவா, அங்கே மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அழுந்த வேண்டும். கேரவன் இழுக்கிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். குறைந்தால் வண்டி வால் ஆட்டும். இவர்களுக்கு வந்தது நூற்றுத் தொண்ணூறு கிலோதான். பின்னால் இருந்த இரும்பு மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது.

கெல்வின் தொங்கிய முகத்தோடு இரும்புப் பெட்டியைப் பார்த்தான். அதை இறக்கச் சொல்ல க்ளெனிஸுக்கு மனம் வரவில்லை. நாற்பது வருட அன்பில் அவள் செய்த ஒரே தவறு இதுதான் என்று நான் நினைக்கிறேன். "பின்னால எடுக்க வேணாம். முன்னால சேர்த்துட்டாப் போச்சு" என்றாள். கெல்வின் மூக்குமேல் ஒரு பெரிய பெட்டி வைத்தான். பேட்டரிகள், தண்ணீர்க் கேன்கள், அவளுடைய தையல் மெஷின், அந்தக் கோடையில் அவள் சர்க்கரைப் பாகில் போட்ட நாற்பத்தெட்டு பாட்டில் ஏப்ரிகாட், எல்லாம் அதற்குள் போயின. மறுபடி எடை போட்டார்கள். மூக்கில் முந்நூற்று நாற்பத்தைந்து. மொத்தம் மூவாயிரத்து நானூற்று அறுபது.

"கச்சிதம்" என்றாள் க்ளெனிஸ். கெல்வின் எடைமேடை மேலேயே அவளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். பார்த்துக்கொண்டிருந்த கிடங்கு ஆட்கள் விசில் அடித்தார்கள். ஈஸ்டர் முடிந்ததும் வீட்டை வாங்கினவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். திரும்பி வர இனி வாசல் என்று ஒன்று இல்லை.

அடிலெய்டு தாண்டும்வரை ஒன்றுமில்லை. அதன்பின் ஒரு பெரிய லாரி முந்திப் போனது. அது இழுத்த காற்றில் கேரவனின் வால் இடப்பக்கம் போய், வலப்பக்கம் வந்து, மறுபடி இடப்பக்கம் போய் அடங்கியது. க்ளெனிஸ் அதைத் தன் இருக்கையின் முதுகில் உணர்ந்தாள்.

"என்ன கெல் அது?"

"காத்து."

அன்று மத்தியானம் இன்னொரு லாரி. இந்தத் தடவை ஐந்து ஆட்டம். அவள் எண்ணினாள், எண்ணிப் பழகியவள். வேகம் அப்போது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. எண்ணெல்லாம் சரியாக இருக்கும்போது வண்டி ஏன் ஆடுகிறது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. தெரியாத ஆபத்தைவிட இது அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

போர்ட் அகஸ்டாவில், வண்டிகள் இரவு தங்கும் கேரவன் பார்க்கில் நுழையும்போது மணி நாலு. நாலு மணிக்கு எல்லா பார்க்கிலும் ஒரே நாடகம்தான். ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் கையில் பீரோடு மடக்கு நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து, புதிதாக வருகிறவன் பின்பக்கமாக வண்டியை விடும் அழகைப் பார்ப்பார்கள். கோணலாகப் போனால் அன்று இரவுச் சாப்பாடுவரை அதுதான் பேச்சு. கெல்வின் ஒரே வீச்சில் கோடு பிடித்து விட்டான். நாற்காலிகள் கை தட்டின. அவன் முகம் பத்து வயது குறைந்து போயிற்று.

கை தட்டாதவள் ஒருத்திதான். கோரல் என்று பெயர். கணவனும் அவளுமாக முப்பது வருடம் பந்தயக் குதிரைகளை இழுவண்டியில் ஊர் ஊராக ஏற்றிப் போனவர்கள். இப்போது தனியாள். டீக் கோப்பையோடு வந்து பெட்செல்களின் கேரவனை ஒருமுறை முழுசாகச் சுற்றினாள். பின்னால் நின்றாள், முன்னால் நின்றாள். கெல்வின் தண்ணீர்க் குழாய் மாட்டப் போயிருந்தான்.

"வழியில ஆடுச்சா?" என்றாள்.

க்ளெனிஸுக்கு ரோஷம் வந்தது. "மூக்குப் பாரம் சரியா இருக்கு. நானே எடை போட்டேன். அதுதான் என் வேலை."

"எடையை நான் கேக்கலியே. எத்தனை தடவை ஆடுச்சு?"

"முதல்ல மூணு. அப்புறம் அஞ்சு."

கோரல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய், ஒரு துடைப்பக் கட்டையும் தண்ணீர் நிறைந்த இரண்டு வாளியும் கொண்டுவந்தாள். வாளிகளைக் கட்டையின் நடுவில், கை பிடிக்கிற இடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக மாட்டி, "தூக்கித் திருப்பு" என்றாள். க்ளெனிஸ் திருப்பினாள். திரும்பியது, நிறுத்தியதும் நின்றது. கோரல் இரண்டு வாளியையும் கட்டையின் இரண்டு நுனிக்குத் தள்ளினாள். "இப்பத் திருப்பு."

நகரவே முரண்டு பிடித்தது. நகர்ந்தபின் நிறுத்த முடியவில்லை. கட்டை அவள் மணிக்கட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. தண்ணீர் அவள் செருப்பெல்லாம் தெறித்தது.

"அதே வாளி, அதே தண்ணிதான். வேணும்னா எடை போட்டுக்கோ" என்றாள் கோரல். அதில் கேலி இல்லை. "நீ பின்பக்கப் பாரத்தைக் குறைக்கல. முன்னால இன்னொண்ணை வச்சு எடைக் கணக்கைச் சரிக்கட்டிட்ட. எல்லாரும் பண்றதுதான். ஒரு நாள் ஆட ஆரம்பிச்சு அடங்காது."

இரவுச் சாப்பாட்டுக்குக் கெல்வின் அடுப்பில் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தான். க்ளெனிஸ் அவன் பக்கத்தில் போய் நின்றாள். "கெல், பின்னால இருக்கறதை எல்லாம் இறக்கணும். இங்கேயே."

"யாரு சொன்னா? குதிரைக்காரியா?"

"நான் சொல்றேன்."

"நீதானே கச்சிதம்னே? எடைமேடைல நின்னு சொன்னது நீதானே?"

"எடை சரிதான். வச்ச இடம் தப்பு."

"இருபத்தாறு வருஷத்துல நீ தப்பா எடை போட்டதே இல்லை" என்றான் அவன், பெருமையாக. பிறகு குரலைத் தாழ்த்தினான். "அத்தனை பேரும் பாத்துட்டு இருக்காங்க க்ளென். இவங்க முன்னால பெட்டியைப் பிரிச்சுப் பரப்பச் சொல்றியா? போற வழியில கூபர் பீடில என் அண்ணன் ஷெட் இருக்கு. எல்லாத்தையும் அங்க போட்டுரலாம். ரெண்டு நாள்தான். மெதுவாப் போறேன்."

அவள் சரி என்றாள். ஏன் சொன்னாள் என்று இன்றைக்கும் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவனுடைய மானம் ஒரு பக்கம். தன் கணக்கு தப்பாகப் போனதை அந்த நாற்காலிகளுக்கு முன்னால் ஒப்புக்கொள்ள முடியாத அவளுடைய மானம் இன்னொரு பக்கம். காலையில் ஏப்ரிகாட் பாட்டில்களையாவது கோரலிடம் கொடுத்துவிடலாம் என்று முன்பெட்டியைத் திறந்தாள். அப்புறம்தான் உறைத்தது. முன்னால் மட்டும் குறைத்தால் மூக்கு தூக்கும், இன்னும் மோசம். முதலில் பின்பக்கம் குறைய வேண்டும். பின்பக்கம் முழுக்க அவனுடையது. பெட்டியை மூடிவிட்டு வண்டியில் ஏறினாள்.

கெல்வின் சொன்ன சொல்படி எண்பதில் போனான். வடக்கே போகிற அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் உப்பு ஏரி, நடுவே நேர்கோடு. பிம்பா தாண்டி ஒரு நீளமான இறக்கம் வந்தது. முதுகில் காற்று வேறு. வேக முள் தானாகவே எண்பத்தைந்து, தொண்ணூறு என்று ஏறியது.

"வேகத்தைக் குறை கெல்."

"இறக்கம்தானே, தானா அடங்கிரும்."

எதிரே மூன்று பெட்டி கோத்த லாரி வந்து, இடி மாதிரி கடந்து போனது. கேரவனின் வால் ஒரு பக்கம் சாய்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. க்ளெனிஸ் எண்ணினாள். ஐந்தில் அடங்க வேண்டும். ஆறு முந்தையதைவிட அகலமாக இருந்தது. ஏழில் கண்ணாடியில் அவர்களுடைய படுக்கையறை ஜன்னல் தெரிந்தது, காருக்குப் பக்கவாட்டில். அதில் அவள் தைத்த திரை. கெல்வின் பிரேக்கை மிதித்தான். ஆடுகிறபோது மிதிக்கக் கூடாது, ஆட்டம் கூடும். ஆனால் யார்தான் மிதிக்காமல் இருப்பார்கள்?

மூன்றாம் நாள் போர்ட் அகஸ்டா ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு முழுசாகத் திரும்பியது. தோள்பட்டை எலும்பும் நான்கு விலாவும் போயிருந்தன. கெல்வினின் உயிர் சாலையிலேயே போய்விட்டது. அவர்களுடைய மகள் வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

விபத்தை விசாரித்த போலீஸ்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். ஆறுதலாக ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று மெனக்கெட்டிருந்தார்.

"மிஸஸ் பெட்செல், சிதறினதை எல்லாம் பொறுக்கிச் சேர்த்து எடை போட்டுட்டோம். மூவாயிரத்து நானூறைச் சுத்தித்தான் வருது. அளவுக்குள்ளதான். பெரும்பாலும் ஜனங்க அள்ளி அடைச்சுட்டு வருவாங்க, உங்க வீட்டுக்காரர் அப்படி இல்லை. யார் மேலயும் தப்பு இல்லைன்னுதான் எழுதப்போறேன்."

"கேட்டியாம்மா?" என்று மகள் அவள் கையைப் பிடித்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் மூன்று நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது.

க்ளெனிஸ் போலீஸ்காரரைப் பார்த்தாள். "எப்படி எடை போட்டீங்க?"

"எப்படின்னா? எல்லாத்தையும் சேர்த்து, ஒரே மேடைல ஏத்தி."

"ஆமா" என்றாள் க்ளெனிஸ். "நானும் அப்படித்தான் போட்டேன்."