மதினி குடித்த சங்கு

பிள்ளைகளுக்குப் பால் புகட்டும் வெள்ளிச் சங்கு ஒன்று என் பீரோவில் இருக்கிறது. திருநீறு போட்டு எத்தனை முறை தேய்த்தாலும் உள்ளே படிந்த பழுப்புக் கறை போகாது. முப்பது வயதுப் பெண்ணான என் மதினி தினமும் சாயங்காலம் அதில்தான் அபின் கரைத்துக் குடித்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், தலைப்பிரசவத்துக்காகத் தென்காசியில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா அப்போது உயிரோடு இல்லை. என்னையும் பிறக்கப்போகிற பிள்ளையையும் பார்த்துக்கொள்ள மதினிதான். அண்ணனோ அவளிடம், "இத விடலன்னா ஒங்க அம்மை வீட்டுக்குப் போயிரு. பச்சப்புள்ளைய ஒங்கையில நம்பிக் குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டான். எனக்கும் பயம்தான். ஆனால் பயத்தைவிட வேறொன்று என்னைக் குடைந்தது. வீட்டில் இத்தனை டம்ளர் இருக்க, இவள் ஏன் சங்கில் குடிக்கிறாள்? கேட்டால், "ஒனக்கு எல்லாந் தெரியணுமாட்டி?" என்று சிரித்து மழுப்புவாள்.

அண்ணன் பார்க்காத வைத்தியமில்லை. டப்பாவை ஒளித்து வைத்தான், கோயிலில் சத்தியம் வாங்கினான். குற்றாலத்தில் தலையைக் கொடுத்தால் எந்தப் பித்தும் தெளியும் என்பார்கள். எண்ணெய் தேய்த்து ஒரு மண்டலம் அருவியிலும் நிறுத்தினான். மதினி வீடு திரும்பி, ஈரத் தலையோடு சங்கை எடுப்பாள்.

அந்த வருஷம் சாரல் காலத்துக்குக் குற்றாலத்தில் ஒரு டாக்டரம்மா வந்து தங்கியிருந்தார். என்னைக் காட்டப் போனபோது மதினியையும் இழுத்துக்கொண்டு போனேன். எவ்வளவு, எத்தனை வருஷம் என்று அவர் விசாரித்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "சங்குலதான் குடிக்கா, டாக்டரம்மா" என்று போட்டு உடைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது யாரு சங்கு?"

மதினி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "எம் மவனுக்குள்ளது" என்றாள். மூன்று மாதத்தில் போன அந்தப் பிள்ளையை நாங்கள் மறந்தே போயிருந்தோம். எங்கள் அப்பா நோயில் கிடந்த சமயம். பிள்ளையின் அழுகைச் சத்தம் அவருக்கு ஆகவில்லை. அந்தக் காலத்தில் பல வீடுகளில் செய்ததுபோல, பாலில் துளி அபினை உரைத்துக் கொடுக்கச் சொன்னது என் அம்மா. "அத்தை சொன்னாவன்னு குடுத்தேன். கொஞ்சம் கூடிப்போச்சு. அழுகைய நிப்பாட்டிட்டான்." எங்களுக்கெல்லாம் பிள்ளை மாந்த நோயில் போனதாகத்தான் சொல்லியிருந்தார்கள். மாமியாரைக் காட்டிக்கொடுக்காமல் ஆறு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறாள், பாவி மனுஷி.

டாக்டரம்மா அபினை ஒரேயடியாக நிறுத்தவில்லை; வாராவாரம் குறைத்தார். ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச வைத்தார். எப்படிச் சிரிப்பான், எந்தப் பக்கம் படுப்பான் என்று கேட்டார். மதினி அழுதாள். நடுவில் ஒருநாள் திருட்டுத்தனமாகக் குடிக்கவும் செய்தாள். டாக்டரம்மா கோபிக்காமல், அன்றைக்கு மனசில் என்ன வந்தது என்று மட்டும் கேட்டார். பிறகு ஒருநாள் அண்ணனும் கூட வந்து உட்கார்ந்து அழுதான். சாரல் முடிவதற்குள் அபின் டப்பா வீட்டைவிட்டுப் போயிற்று.

கறையைப் பார்த்துவிட்டு, சங்கை அழித்துப் புதிது செய்யலாம் என்கிறாள் இப்போது என் மகள். நான் விடவில்லை. அவள் பிறந்த பத்தாம் நாள் வீறிட்டு அழுதாள். "இத்துனூண்டு அபின் வைங்க, தூங்கிரும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மதினி அதே சங்கில் வெறும் பாலை ஊற்றி, தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகு புகட்டினாள். பிள்ளை துப்பிவிட்டு இன்னும் கத்தியது. மதினி அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அழட்டும்ட்டி" என்றாள் என்னிடம். "அழுதாத்தான் புள்ள இருக்குன்னு தெரியும்."