மூன்றாமவளின் காதில்

என் பெயருக்கு ‘இத்தோடு போதும்’ என்று அர்த்தம். வீட்டில் நான் மூன்றாவது பெண். மூன்றாவதும் பெண்ணாகப் போய்விட்டால் இப்படி ஒரு பெயர் வைத்துவிட வேண்டும், அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது எங்கள் பக்கம் பலருடைய நம்பிக்கை. எனக்கு அடுத்துத் தம்பி பிறந்து தொலைத்தான். அன்றிலிருந்து என் பெயர் ராசியான பெயராகிவிட்டது.

ராசி அவர்களுக்கு, சுமை எனக்கு. ஆஸ்பத்திரியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ‘அடப் பாவமே’ என்று சில முகங்கள், ‘இவளா அது’ என்று சில முகங்கள். வேலைக்கு வந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், எல்லோரும் ‘டீச்சர்’ என்று கூப்பிடுவதுதான். அந்தச் சொல்லுக்காகவே இந்த வேலைக்குக் கும்பிடு போடலாம்.

போன வருடம் தம்பிக்கு மூன்றாவது பெண் பிறந்தாள். சின்னமனூர் பக்கம் வாழை போட்டிருக்கிறான். தேனியில் பள்ளிக்கூடத்தில் இருந்த எனக்குப் போன் செய்தான்.

“அக்கா, இந்தப் பிள்ளைக்கு ஒன் பேரையே வச்சிருவோம். ராசியான பேரு. எல்லாரும் அதத்தான் சொல்றாக.”

எனக்கு ஏதோ பொன்னாடை போர்த்துவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னான். பெயர் வைக்கிற அன்று பிள்ளையின் நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டு வைத்து, காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டியது அத்தை. அதாவது நான். என் வாயாலேயே அதை அவள் காதில் ஊத வேண்டுமாம். பட்டென்று போனை வைத்தேன். அந்தக் கோபத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அன்று சும்மா சும்மா திட்டு வாங்கினார்கள்.

சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். தம்பி தோட்டத்தில் இருந்தான். அவன் மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு போனை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். பெயர் தேடுகிறாளாம், வீட்டுக்காரனுக்குத் தெரியாமல்.

“மதினி, இது என்னன்னு பாருங்க. இங்கிலீசுல இருக்கு. ரோமாபுரிப் பொம்பளப் பிள்ளைக பேராம்.”

வாங்கிப் படித்தேன். பழைய ரோமில் பெண்ணுக்கென்று தனிப் பெயர் வைப்பது குறைவாம். குடும்பப் பெயரையே பெண்ணாக்கிக் கூப்பிடுவார்களாம். இரண்டு பெண் என்றால் பெரியவள், சின்னவள். இன்னும் பிறந்தால் டெர்டியா. மூன்றாமவள் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

“அங்கனயும் நம்ம ஊருதானா?” என்றாள்.

“அவுக எண்ணுனதோட விட்டாக. நம்மாளுக, இனிமே வராதேன்னும் சேத்துல்ல சொல்லிட்டாக.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். “எனக்கு அந்தப் பேரு வேணாம் மதினி. ஒங்க பேருன்னு சொல்லல...” என்று தடுமாறினாள். எனக்கும் வேண்டாம் என்று சொன்னேன். அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நெஞ்சு லேசாகிவிட்டது.

மேற்கொண்டு படித்தோம். அரோரா என்றால் விடியல். கிளாரா என்றால் ஒளியுள்ளவள். பெயாட்ரிக்ஸ் சந்தோஷம் கொண்டுவருபவள். கடைசிப் பக்கமாக ஒன்று இருந்தது: டெசிடேரியா. ஆசைப்பட்டுக் கேட்டுப் பெற்றவள். எண்ணி எண்ணிப் பெயர் வைத்த அதே ஊரில், பிற்பாடு யாரோ ஒருவர் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்படியும் சொல்லியிருக்கிறார்.

“பேரு வாயில நொழையல. ஆனா அர்த்தம் நல்லாருக்கு மதினி.”

“அர்த்தத்த மட்டும் எடுத்துக்கிருவோம்” என்றேன். தமிழில் அதே அர்த்தத்துக்கு ஒரு பெயர் பிடிக்க எங்களுக்கு இரண்டு காபி ஆனது. அதை இங்கே எழுதமாட்டேன். அவள் வளர்ந்து அவளே சொல்லட்டும்.

சாயங்காலம் தம்பி வந்ததும், என் பெயர் பிள்ளைக்கு வேண்டாம் என்று உடைத்துச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

“என்னக்கா, ஒன் பேருக்கு என்ன கொறச்சல்? எனக்கு ஒன் பேருன்னா ஒன் நெனப்புதான வருது.”

“ஏலே, நீ பொறந்ததுலருந்து அக்கான்னுதான கூப்பிட்ட. என் பேர என்னைக்காச்சும் நீ சொல்லிருக்கியா? சொல்லிக் கூப்பிட்டவுகளக் கேளு. கேட்டுத் திரும்புனவ நானு.”

ஆண் பிள்ளை ஆசை அவனுக்கு விட்டுப்போகவில்லை என்பது எனக்குத் தெரியும். சாப்பிடாமல் மறுபடியும் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

பெயர் வைக்கிற அன்று வீடு நிறைய ஆட்கள். ராசியான பெயரைக் கேட்கத்தான் எல்லோரும் நின்றார்கள். சீனித் தண்ணீரைத் தொட்டு வைத்தேன். பிள்ளை நாக்கைச் சப்புக்கொட்டியது. குனிந்து நாங்கள் இருவரும் பிடித்த பெயரை மூன்று முறை சொன்னேன். நிமிர்ந்து அர்த்தத்தோடு சத்தமாகவும் சொன்னேன். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நான் தம்பியைத்தான் பார்த்தேன்.

அவன் தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்தான். புதுப் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டான். பிள்ளை காலை உதைத்தது. இன்னொரு தடவை கூப்பிட்டான், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு கிண்ணத்தில் மிச்சமிருந்த சீனித் தண்ணீரில் விரலைத் தொட்டுக்கொண்டு என்னிடம் வந்தான்.

“வாயத் தெறக்கா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தேன். நாக்கில் தொட்டு வைத்துவிட்டு என் காதுப் பக்கம் குனிந்தான்.

“நீ வேணும்க்கா” என்றான். மூன்று முறை சொன்னான்.