டெண்டர் முடியும் வரைக்கும்

எழுபதுகளில மெல்பேர்னில நான் அரசாங்க உத்தியோகத்தன். படைக்கு ஒரு முகாம் கட்டவேணும் எண்டால் படைக்காரர் நேரே கட்டிடக் கம்பனியிட்டைப் போக ஏலாது. எங்கட அலுவலகத்துக்குத்தான் எழுதவேணும். டெண்டர் கேக்கிறதும், ஆர் கட்டுறது எண்டு தெரிவு செய்யிறதும் நாங்கள். படைக்கும் ஆளில்லை, கம்பனிக்கும் ஆளில்லை எண்டு எங்களுக்கு ஒரு பெரிய நினைப்பு.

அந்த நகரத்தில எனக்கெண்டு இருந்தது ஒரு புருசன் பெண்சாதிதான். கொழும்பில பக்கத்து வீட்டில இருந்த பழக்கம். அண்ணை, அக்கா எண்டுதான் கூப்பிடுவன். ஞாயிறு மத்தியானம் அவையளின்ர வீட்டிலதான் எனக்குச் சாப்பாடு. தனிக்கட்டை பாவம் எண்டு அக்கா திங்கள், செவ்வாய்க்கும் சேர்த்துக் கட்டித் தருவா. அண்ணை ஒரு கட்டிடக் கம்பனியில விலை கணிக்கிறவர்.

ஒருநாள் ராணுவக் குடியிருப்பு டெண்டர் ஒண்டு என்ர மேசைக்கு வந்தது. விலை போட்ட நாலு கம்பனியில ஒண்டு அண்ணையின்ர. அடியில அவரின்ர கையெழுத்து. தெரிவு முடியும் வரைக்கும் டெண்டர் போட்ட ஆக்களோட பேச்சுப் பறைச்சல் கூடாது. வேலையில சேர்ந்து ஆறு மாசம், இன்னும் நிரந்தரமாக்கேல்லை. கறுத்தவன் தன்ர ஆளுக்குச் செய்திட்டான் எண்டு ஒரு கதை வந்தால் அதோட சரி.

போன் எடுத்து, "அண்ணை, கொஞ்ச நாளைக்கு நான் வரமாட்டன்" எண்டன்.

அவருக்கு உடன விளங்கீட்டுது. "ஓம் தம்பி, எல்லாம் முடிஞ்சாப் பிறகு வா" எண்டார்.

மூண்டு மாசம் இழுத்தது. படைக்காரர் சமைக்கிற குசினியைப் பெருப்பிக்கச் சொல்லுவினம், வரைபடம் மாறும், திரும்ப விலை கேப்பம். இடையில ஒரு சனிக்கிழமை சந்தையில அக்காவைக் கண்டன். நல்லா மெலிஞ்சு போயிருந்தா. என்னைக் கண்டு கை காட்டினா. நான் உருளைக்கிழங்குச் சாக்குகளுக்குப் பின்னால ஒளிச்சிட்டன். என்ன மனிசன் நான்.

கடைசியில வேலை வேறை கம்பனிக்குப் போச்சு. கடிதம் அனுப்பின அண்டு பின்னேரமே போய்க் கதவைத் தட்டினன். அண்ணை தாடியோட வந்து திறந்தார்.

"அக்கா எங்கை?"

"அவ போய் மூண்டு கிழமை, தம்பி."

புற்றுநோய். ஆசுப்பத்திரியில ரெண்டு மூண்டு தரம் என்னைக் கேட்டவவாம்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதே அண்ணை?"

"உன்ர வேலைக்கு ஏதும் வந்திடும் எண்டு பயந்திட்டன்" எண்டார். அவரில எனக்கு வந்த கோவம் ஒரு நிமிசம்கூட நிக்கேல்லை. நானும் அதுக்குத்தானே பயந்தனான்.

அடுத்த நாள் லீவு கேக்கேக்க மேலதிகாரியிட்டை விசயத்தைச் சொன்னன். வெள்ளைக்காரன், நல்ல மனிசன்.

"முதலே சொல்லியிருந்தால் கோப்பை வேறை ஆளிட்டைக் குடுத்திருப்பனே. நானே ரெண்டு தரம் அப்பிடி விலகினனான், மச்சானின்ர கம்பனி எண்டு" எண்டார்.

மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து வைச்சார். அரைப் பக்கம். கம்பனியின்ர பேர், அங்கை தெரிஞ்ச ஆள், என்ன உறவு. கீழ ஒரு கையெழுத்து.

அக்காவின்ர புருசன் எண்டு எழுதிக் குடுத்திருந்தால், எல்லா ஞாயிறும் போயிருப்பன்.