ஜரிகை ஜெயந்தனின் மூன்று விமானங்கள்

இருக்கிற விமானத்தை ஓட்ட ஒரு பைலட் போதும்; இல்லாத விமானத்தை வரையத்தான் ஊரே கூட வேண்டியிருக்கிறது. "மாதிரிக்கு ஒண்ணு போட்டுக் காட்டுங்க" என்பதைக் கேட்டுக் கேட்டே காலம் தள்ளியவர்களுக்கு என் பாடு புரியும்.

பெருங்குடியில் பம்புகளுக்கு வரைபடம் போட்ட வேலை நாற்பத்தாறு வயதில் போனது. மயிலாப்பூரில் ஒரு மாடியில் நடக்கும் சித்திரக்கதைப் பத்திரிகை கூப்பிட்டது. அவர்களுடைய நாயகன் ஜெயந்தன் ஓர் ஒற்றன். ஆனால் ஜரிகைக் கோட்டு இல்லாமல் வாசல் தாண்டமாட்டான். அவனுக்கு மாதம் ஒரு புது விமானம் வேண்டும். "மூணு மாசம், மூணு விமானம். வாசகர்களுக்குப் பிடிச்சா வேலை நிரந்தரம்" என்றார் ஆசிரியர் மாலதி. வீட்டில் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம்.

நாதஸ்வர விமானம்

நாதஸ்வர வடிவம். துளைக்குத் துளை புகை வரும், பறந்தால் கல்யாணி ராகம் கேட்கும். ஒரு வாஷர்கூட விடாமல் வரைந்தேன். கதைப்படி ஜெயந்தன் எதிரியின் தீவில் சத்தமில்லாமல் இறங்க வேண்டும் என்பது மட்டும் மறந்துவிட்டது. வசனங்களை எழுதிப் பதிக்கும் அன்வர் பாய் கேட்ட ஒரே கேள்வியில், எதிரி கல்யாண ஊர்வலம் என்று ஏமாறுவதாகக் கதையே மாறியது, நானும் பிழைத்தேன். அவர் கேட்டது இதுதான்: "வேவு பாக்கப் போறானா, பொண்ணு பாக்கப் போறானா சார்?"

புடவை மடிப்பு இறக்கை

இறக்கை விரிகிற அழகுக்காக தி.நகரில் ஒரு புடவைக் கடையில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். எனக்காக அலுக்காமல் பட்டுகளை உதறி விரித்த அந்த விற்பனையாளர் நன்றாக இருக்க வேண்டும்.

பக்கம் முழுக்க இறக்கை. முடித்த பிறகுதான் தெரிந்தது, பேச்சுக் குமிழிக்கு இடமே இல்லை. ஜெயந்தனோ குண்டு வெடிக்கும்போதும் நாலு வரி பேசுகிறவன். திரும்ப வரைய நாளும் இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டேன். அன்வர் பாய் அந்த நாலு வரியை எட்டுத் துண்டாக்கி, மடிப்புக்கு ஒன்றாகச் செருகிவிட்டார். வாசகர்கள் அதைத்தான் கொண்டாடி எழுதினார்கள். மாலதியிடம் உண்மையைச் சொல்ல எழுந்தேன். பாய் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "கம்முனு இரு சார். உன் ஐடியான்னே நெனச்சிக்கினு போவட்டும்."

ஊஞ்சல் விமானம்

இதில் விமானிக்கு இருக்கை கிடையாது, ஊஞ்சல்தான். முன்னால் ஆடினால் ஏறும், பின்னால் ஆடினால் இறங்கும். மாலதி முடிவு சொல்வதாக இருந்த காலையில், இதழும் கையுமாக மந்தைவெளியிலிருந்து ஒரு வீணை ஆசிரியை படியேறி வந்தார். "இதை வரைஞ்சது யாரு? எங்காத்துலயும் ஊஞ்சல் இருக்கு. முன்னாடி நாலு விரக்கடை இடம் விட்டிருக்கேளே, ஒரு வீசு வீசினா முட்டி பேந்துடாதா? பாவம், நன்னா உடுத்திண்டு வர்ற பிள்ளை!"

பம்புக்கு அரை மில்லிமீட்டர் கணக்குப் பார்த்த நான் முட்டியைக் கோட்டைவிட்டிருந்தேன். மூன்றாவதும் போச்சு என்று பையைத் தோளில் மாட்டினேன். வந்தவரை வாசல்வரை அனுப்பிவிட்டுத் திரும்பிய மாலதியின் முகத்தில் சிரிப்பு. அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இல்லாத ஆளோட முட்டிக்காக ஒருத்தங்க மாடியேறி வந்து சண்டை போட்டுட்டுப் போறாங்க. பையைக் கீழ வைங்க சார், நாளைக்கும் வேலைக்கு வரணும்ல?"

இன்று என் வீட்டில் அடுப்பு எரிகிறதென்றால், நான் வரைந்த விமானங்களில் ஒன்றுகூடச் சரியாக இல்லாததுதான் காரணம்.