ஏற்றத்தில் திணறிய வண்டி

நல்லமுத்துவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மாட்டுப்பட்டிக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். ஒரு மழை நாளில் சரிவில் நிறுத்தியிருந்த லாரி பின்னால் உருண்டு, அவரை மண்திட்டோடு சேர்த்து நசுக்கிவிட்டது. காலை எடுத்தபின் நெடுநாள் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டுக்குள்ளேயே சுவரைப் பார்த்துக் கிடந்தார். மனைவி செல்வலட்சுமி கொழுந்தெடுத்துக் கொண்டுவருவதில்தான் அடுப்பு எரிந்தது.

பிறகு பஞ்சாயத்தில் ஒரு ஸ்கூட்டர் கொடுத்தார்கள். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் துணைச் சக்கரம் வைத்தது. எண்ணிப் பார்த்தால் நாலு சக்கரம் வரும். ஆனாலும் அரசாங்கக் காகிதத்திலும் ஜனங்கள் வாயிலும் அது முச்சக்கர வண்டிதான். அந்த வண்டி வந்த பிறகுதான் நல்லமுத்து மறுபடி வெளியுலகத்தைப் பார்த்தார். அணைக்கட்டுக்குப் போய், படகுத்துறை வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்து லாட்டரிச் சீட்டு விற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வலட்சுமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மூணாறு சந்தைக்குப் போனார். மகன் ஜெகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். கால் போன மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்ட வருஷங்கள் அவை.

அதற்குப் பிறகு செல்வலட்சுமியின் சிறுநீரகம் கெட்டுப்போனது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து உள்ளே அரித்திருக்கின்றன, தெரியவில்லை. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்றார்கள். இடம் கிடைத்தது மலைக்குக் கீழே, அடிமாலியில். சிகிச்சை இலவசம்தான். போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. டயாலிசிஸ் முடிந்து எழுந்தால் அவளுக்குக் கால் நிற்காது. பஸ்ஸில் இடம் கிடைக்காமல் ஒருமுறை படிக்கட்டிலேயே மயங்கி விழுந்தாள். ஜீப் வைத்துப் போக அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அந்த ஸ்கூட்டரிலேயே போனார்கள்.

விடியற்காலைப் பனியில் அவளுக்குக் கம்பளியைச் சுற்றி, தன் இடுப்போடு சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொண்டு இறங்குவார் நல்லமுத்து. ஆஸ்பத்திரியில் அவள் மட்டும் உள்ளே போவாள். மாடிப்படி ஏற முடியாததால் அவர் வண்டியோடு வாசலிலேயே இருப்பார். மத்தியானத்துக்கு மேல் திரும்ப மலையேற்றம். அங்கேதான் வண்டி படாத பாடு படும். சின்ன என்ஜின், இரண்டு ஆள் பாரம், கூடவே இரண்டு சக்கரம். பள்ளிவாசல் வளைவுகளில் முழுசாக முறுக்கினாலும் நடக்கிற வேகத்தில்தான் ஏறும். பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்கும்.

நல்லமுத்துவின் யோசனையெல்லாம் பெட்ரோலைச் சுற்றியே ஓடத் தொடங்கியது. வெயிலில் நின்றால் ஆவியாகும் என்று டாங்கின் மேல் ஈரச் சாக்கு போட்டார். இறக்கத்தில் என்ஜினை அணைத்து வண்டியைச் சும்மா உருட்டிப் பார்த்தார். ஒரு நாள் அப்படி உருண்டு வரும்போது பிரேக் சூடேறிக் கருகல் நாற்றம் வந்தது. பிடித்தால் பிடிக்கவில்லை. மண்மேட்டில் முட்டித்தான் நிறுத்தினார். செல்வலட்சுமி இறங்கி, பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்தாள். அதோடு அந்த வேலையை விட்டார்.

ஜீப் ஓட்டுகிற பிஜுதான் ஒரு வழி சொன்னான். நல்ல பையன். அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்துச் சொன்னதுதான்.

"அண்ணாச்சி, சாதா பெட்ரோல் போட்டா இந்த மலைக்குத் தாங்காது. பிரீமியம் போடுங்க. அதுல ஆக்டேன் கூடுதல். வண்டி சும்மா ஜிவ்வுனு ஏறும், மைலேஜும் தரும்."

"வெல கூடுதலாச்சே, பிஜு."

"வெலயப் பாக்காதீக. கூட ஓடுறதுல ஈடாயிரும்."

போட்டுப் பார்த்தார். முதல் வாரம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. போகப் போக வண்டி கொஞ்சம் லேசாக ஏறுவது போலிருந்தது. ஒரு மாதத்தில் சந்தேகமே இல்லை. முன்பு நின்றுவிடுமோ என்று பயந்த வளைவில் இப்போது நிற்காமல் ஏறியது. நல்லமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லாட்டரி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் ஆக்டேனைப் பற்றிப் பேசினார்.

அதே மாதங்களில் செல்வலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. வாயில் வைத்ததெல்லாம் இரும்பு மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளுவாள். ரவிக்கையைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். கை வளையல் முழங்கை வரை ஏறியது. நல்லமுத்து அதைப் பார்த்துக் கவலைப்பட்டார். முட்டை வாங்கி அவித்துக் கொடுத்தார். ஆனால் வண்டி லேசாக ஏறுவதையும் அவள் மெலிவதையும் அவர் மனசு ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒரு நாள் பங்கில் பெட்ரோல் போடும்போது செல்வலட்சுமி மிஷினில் ஓடுகிற ரூபாய்க் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இது அந்த வெல கூடுன பெட்ரோலா?"

"ஆமா. வண்டி எப்படி இழுக்குதுன்னு பாக்கல?"

"எனக்காவவா இதப் போடுதீக?"

"ஒனக்காவ இல்ல, வண்டிக்காவ" என்று சிரித்தார்.

சில நாள் கழித்து, டயாலிசிஸ் முடிந்து படியிறங்கி வந்தவள் சாதாரணமாகச் சொன்னாள்: "டாக்டர் சொன்னாக, இனி வாரத்துக்கு ரெண்டு தடவ போதுமாம். சனிக்கெழம வர வேண்டாமாம்."

"நெசமாவா? நல்லாயிட்டு வருதுன்னு சொன்னாகளா?"

"ஆமா, அப்படித்தான்."

நல்லமுத்து நம்பினார். நம்ப வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை அணைக்கட்டில் சுற்றுலாக் கூட்டம். சீட்டெல்லாம் விற்றுத் தீர்ந்தது. வரும்போது அவளுக்கு ஒரு சீப்பு மலைப்பழம் வாங்கி வந்தார். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு வாழைப்பழம் ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சந்தோஷத்தில் மறந்துவிட்டார். அவள் அதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாள்.

கொஞ்ச நாளில் செல்வலட்சுமியின் முகம் நிரம்பியது. ஒட்டிப்போயிருந்த கன்னம் மேடிட்டது. "இப்பத்தான் சத பிடிக்குது ஒனக்கு" என்று நல்லமுத்து சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். கேட்டால், சளி என்பாள்.

வண்டி மறுபடி திணற ஆரம்பித்தது. அதே பிரீமியம் பெட்ரோல், அதே பாதை. ஆனால் ஏற்றத்தில் பழையபடி முனகியது. பங்கில் எதையாவது கலந்துவிட்டார்களோ என்று நினைத்து நல்லமுத்து அங்கே போய்ச் சத்தம் போட்டார். அவர்கள் பரிசோதித்துக் காட்டினார்கள், பெட்ரோலில் குற்றமில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை இறங்குகிற வழியில் மூணாறில் ஜோஜோவின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தினார். செல்வலட்சுமி இறங்கி, அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஜோஜோ குனிந்து துணைச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தான்.

"இந்தப் பக்கச் சக்கரம் நேரா ஓடலண்ணாச்சி. கோணிக்கிட்டு தரையத் தேச்சுட்டே வருது. டயர் ஓரத்தப் பாருங்க. பாதி பெட்ரோல் இதுக்கே போவும். எவ்வளவு நாளா இப்படி?"

"தெரியலியே. ஆனா பிரீமியம் போட்டப்ப நல்லா இழுத்துச்சே. ஆக்டேன் கூடுதல்ல அது?"

"ஆக்டேன்னா சக்தி இல்லண்ணாச்சி. அழுத்தத்துல பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமத் தாங்குற குணம், அம்புட்டுத்தான். அது பெரிய வண்டிக்கு வேணும். உங்க வண்டிக்குச் சாதாவே தாராளம். மலையில காத்து மெலிசு, இங்க இன்னும் தேவையில்ல. இத்தன நாளு சும்மா ஊத்திருக்கீக."

"அப்ப எப்படிடா இழுத்துச்சு? நான் பொய்யா சொல்லுதேன்?"

"பாரம் கொறஞ்சிருக்கும். முன்ன சாமான் எதும் ஏத்திட்டுப் போனீகளா? இப்ப மறுபடி ஏத்துறீகளா?"

"சாமானா? நானும் இவளும்தான்…"

சொல்லிக்கொண்டே நல்லமுத்து பெஞ்சின் பக்கம் திரும்பினார். செல்வலட்சுமி செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள். செருப்பு வாரின் தடம் பாதத்தில் ஆழமாகப் பதிந்து, இரு பக்கமும் சதை பிதுங்கி நின்றது. அவர் ஊன்றுகோலை ஊன்றி அவள் முன்னால் போய், கஷ்டப்பட்டுக் கீழே உட்கார்ந்து, அவள் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது.

"இது சத இல்ல, லெச்சுமி. தண்ணி."

அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சக்கரத்தைச் சரி செய்ய நேரமில்லை. அப்படியே அடிமாலிக்கு இறங்கினார்கள். டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ் ஜோமோள், குண்டளை லயத்துப் பிள்ளை, நல்லமுத்து சொல்லியனுப்பியதைக் கேட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

"அண்ணே, நீங்களாவது சொல்லக் கூடாதா? சனிக்கெழம அக்கா வர்றதே இல்ல. கேட்டா வண்டி ரிப்பேர்ங்கிறாங்க. நான் ஒங்க வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டா அக்காதான் எடுக்குறாங்க, சரி சரின்னு வச்சிடுறாங்க."

"டாக்டர் வர வேண்டாம்னு சொல்லலியா?"

"எந்த டாக்டரும் அப்படிச் சொல்ல மாட்டாங்கண்ணே."

அன்றைக்கு அவளிடமிருந்து எவ்வளவோ நீரை எடுத்தார்கள். மூச்சு அடங்கவில்லை. நெஞ்சுக்குள் நீர் கோத்துக்கொண்டது, இருதயமும் தளர்ந்துபோயிற்று, கோட்டயத்துக்குக் கொண்டு போக வேண்டும் என்றார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்காகக் கீழே கொண்டுவந்து படுக்க வைத்திருந்தபோது நல்லமுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதுக்குடி பொய் சொன்ன?"

ஆக்ஸிஜன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அவள் பேசினாள்.

"படுத்தா எந்திரிச்சா பெட்ரோலு பெட்ரோலுன்னே கெடந்தீக. எனக்காவ வெல கூடுனத வேற போட்டீக. ஒரு நாளு நான் கொறச்சா, ஒங்களுக்கு ஒரு நாளு யாவாரமாவது நடக்குமேன்னு…"

"அந்தப் பெட்ரோலால ஒண்ணுமே இல்லியாம், லெச்சுமி. ஜோஜோ சொன்னத நீயும் கேட்டேல்ல? ஒண்ணுமே இல்லியாம்."

அவள் முகமூடியை மறுபடி போட்டுக்கொண்டாள்.

ஆம்புலன்ஸில் அவரும் ஏறினார். நேரியமங்கலம் காடு வரை அவள் கண்ணை மூடியே இருந்தாள். பிறகு கண்ணைத் திறந்து, "வண்டிய எங்க விட்டீக?" என்றாள்.

"ஆஸ்பத்திரி வாசல்லதான்."

"பெட்ரோல உருவிருவானுக. சொல்லிட்டு வந்திருக்கலாமுல்ல."

அதற்குப் பிறகு அவள் தெளிவாகப் பேசவில்லை. கோட்டயத்தில் இரண்டு நாள் இருந்தாள். ஜெகன் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

லயத்துக்காரர்களெல்லாம் வந்து எஸ்டேட் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். ஜெகன் அடிமாலிக்குப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். வருகிற வழியில் ஜோஜோ துணைச் சக்கரத்தை நேராக்கிக் கொடுத்தான், கூலி வாங்கவில்லை. பெட்ரோலை யாரும் எடுக்கவில்லை.

சக்கரம் நேரானதும், ஒற்றை ஆளானதுமாக வண்டி இப்போது முன்னெப்போதும் தராத மைலேஜ் தருகிறது. சாதா பெட்ரோல்தான். அணைக்கட்டில் பிஜு ஒரு நாள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணாச்சி, நான் தெரியாமச் சொல்லிட்டேன்" என்றான். நல்லமுத்து அவன் தோளைத் தட்டினார். "நீ என்னப்பா செய்வ" என்றார். அவன் போன பிறகு சீட்டுக்கட்டை மடியில் வைத்தபடி யாரையும் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அன்று ஒன்றும் விற்கவில்லை.

லயத்து வீடு செல்வலட்சுமியின் பேரில் இருந்தது. தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குத்தான் வீடு. இந்தக் கொழுந்துப் பருவம் முடிவதற்குள் காலி செய்யும்படி ஆபீசிலிருந்து வந்து சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஜெகன் போனில் கூப்பிடுகிறான். திருப்பூரில் அவனுக்கு இருப்பது இரண்டாம் மாடியில் ஒரே அறை. "நாங்க தூக்கிட்டு ஏறுறோம்ப்பா" என்கிறான். ஒரு தடவை தூக்கலாம், தினமும் யார் தூக்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அவர் அணைக்கட்டுக்குப் போகவில்லை. வண்டியை எடுத்தவர் மூணாறு தாண்டி, பள்ளிவாசல் தாண்டி அடிமாலிக்கே போய்விட்டார். ஆஸ்பத்திரி வாசலில், எப்போதும் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினார். ஜோமோள் மேலே சன்னலிலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"அண்ணே, என்னண்ணே? எதும் பேப்பர் வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்மா."

"பின்ன எதுக்கு இம்புட்டுத் தூரம்?"

அவர் படிக்கட்டையே பார்த்தார். அவள் ஒரு டீ வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டு, வேலைக்குக் கூப்பிட்டதால் மேலே போனாள். டீ ஆறிப்போயிற்று. டயாலிசிஸ் முடிந்து ஒவ்வொருவராக வீட்டு மனிதர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார்கள். கடைசி ஆளும் இறங்கிப் போகிற வரை நல்லமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டம்ளரைச் சுவரோரம் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க எத்தனையோ இடம் இருந்தது, அவர் எங்கேயும் நிறுத்தவில்லை.