முதல் மண்டபத்து அரோகரா

நான்கைந்து வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதக் கிருத்திகையன்று, திருத்தணி மலைப்படியில் நடந்தது இது.

எங்களுக்கு ஊர் பக்கத்திலிருக்கும் கே.ஜி.கண்டிகை. கல்யாணமான நாளிலிருந்து கிருத்திகை தவறாமல் மலை ஏறுவது வழக்கம். சாமி பார்க்கும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. வண்டியில் மேலே போகலாம் என்றால் என் வீட்டுக்காரர் கேட்கவே மாட்டார். படியேறித்தான் போகவேண்டும். அதுவும் ஒவ்வொரு மண்டபத்திலும் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குவித்து, மலையே அதிர "அரோகரா" போடுவார். புதுப்பெண்ணாக அவர் பின்னால் ஏறியபோது எனக்கு மானமே போனது. யாரோ எவரோ மாதிரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தள்ளி நடப்பேன். அதைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே இன்னொரு தடவை கத்துவார் மனுஷன்!

அன்றைக்கு அவருடைய அக்கா கணவரும் கூட வந்திருந்தார். இவருக்கு அவர் பாவா, எனக்கு அண்ணன் முறை. பஸ்ஸைவிட்டு இறங்கி அடிவாரத்துக்கு வந்து பார்த்தால், இவருடைய இடதுகால் செருப்பைக் காணோம். வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, இவருக்குத் தெரியவே இல்லை. "செருப்பு போனதுகூட தெரியாம அப்படி இன்னா யோசனை?" என்று கேலி செய்தேன். கோயிலுக்கு வந்த இடத்தில் செருப்பு தொலைந்தால் பீடை ஒழிந்தது என்று அண்ணன் சொல்லவும், மூவரும் சிரித்துக்கொண்டே ஏறினோம்.

முதல் மண்டபத்தில் வழக்கம்போல் நின்று கையைத் தூக்கினார். வலது கை மேலே போனது. இடது கை தோள் வரைக்கும் வந்து, தானாகக் கீழே இறங்கிவிட்டது. "அரோகரா" வாய்க்குள்ளேயே குழறியது.

"இன்னாங்க, இன்னா பண்ணுது?" என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தார், அதுவும் கொழகொழவென்று வந்தது.

படியில் உட்கார வைத்தோம். கூடியவர்கள் எல்லாரும் விரத மயக்கம் என்றார்கள். "வெறும் வயித்துல வெயில்ல ஏறினா தல சுத்தாதாம்மா? ஒரு வாய் சோடா குடிச்சா சரியாப் பூடும்" என்று அண்ணன் சோடா வாங்கி வந்து இவர் வாயருகே கொண்டுபோனார்.

"நீள்ளு ஒத்து! தண்ணிகூட ஊத்தாதீங்க, பொறை ஏறிக்கும்" என்று ஓர் அம்மா ஓடிவந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். நகரி பக்கத்துக்காரர் என்று அந்தத் தெலுங்கு கலந்த பேச்சிலேயே தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தார். இவர் முன்னால் உட்கார்ந்து, "கொஞ்சம் சிரிங்கண்ணா" என்றார். இவர் சிரித்தார். எத்தனையோ வருடம் நான் பார்த்த அந்தச் சிரிப்பு பாதிதான் வந்தது. மறுபாதி முகம் அப்படியே தொங்கியது.

கொஞ்ச நேரத்தில் கை அசைந்தது, பேச்சும் தெளிந்தது. "பாத்தியா, சரியாப்போச்சி. ஏற ஆரம்பிச்ச மலைய சாமி பாக்காம எறங்கினா குத்தமாயிடும்மா" என்றார் அண்ணன். இவரும் தலையாட்டிக்கொண்டு எழுந்தார். பொய் சொல்வானேன், சாமி குத்தம் என்றதும் நானும் மேல்படியில் கால் வைத்துவிட்டேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் புருசனுக்கும் இப்பிடித்தாம்மா வாய் கோணிச்சி, உடனே சரியாச்சி. சரியாயிடுச்சேன்னு வூட்லயே படுக்க வச்சேன். அப்புறம் எழுந்துக்கவே இல்ல" என்றார். குரல் உடையவில்லை. எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி அழுது தீர்த்தாரோ! "அர்ச்சனைத் தட்டை இப்பிடிக் குடு. பேரு நட்சத்திரம் சொல்லு, உங்களுக்கும் சேத்து நான் பண்ணிக்கிறேன். நீ எறங்கு."

பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். அண்ணன் இன்னும் ஏதோ முனகினார். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ! "முருகன் எங்கியும் போவ மாட்டாருண்ணா. இவரு போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?" என்று மலையே அதிரக் கத்தினேன். இரண்டு பேரும் என்னோடு இறங்கினார்கள்.

ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரி. போகும் வழியிலேயே இடது கை மறுபடியும் விழுந்துவிட்டது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். மண்டபத்தில் கை இறங்கியதைச் சொன்னேன். பிறகு நினைவு வந்து செருப்பு கதையையும் சொன்னேன். "அதுதாம்மா முதல் அறிகுறி, அப்பவே கால்ல உணர்வு கொறஞ்சிருக்கு" என்றார். "தானா சரியானாலும் நம்பக்கூடாது. நல்லவேளை, நேரத்துக்கு வந்துட்டீங்க."

கை திரும்ப வந்துவிட்டது, நடையும் வந்துவிட்டது. சத்தம் மட்டும் பழையபடி இல்லை. புதுப்பெண்ணாக நான் பட்ட வெட்கத்தை நினைத்தால் சிரிப்பாக வருகிறது. இப்போது, "இன்னும் கொஞ்சம் சத்தமா போடுங்க" என்று பக்கத்திலேயே நின்று கேட்கிறேன் நான்.

எங்கள் பெயர் சொல்லி அர்ச்சனை செய்த அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவே இல்லை. ஒவ்வொரு கிருத்திகைக்கும் கூட்டத்தில் தேடுகிறேன், கண்ணில் படவில்லை. இன்றும் முதல் மண்டபத்தில் என் வீட்டுக்காரர் நிற்கும்போது, அவருடைய இரண்டு கையும் ஒன்றாக மேலே போய்ச் சேர்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த அம்மாவை ஒருமுறை நினைத்துக்கொண்டுதான் நான் கண்ணை மூடிக் கும்பிடுகிறேன்.